ஊசி மயங்கி விழும் இடம்

விழா தொடங்க இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தபோது முதலாளி அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

“நாளைக்கு மேடையில அக்கா நேராப் பாடறாங்க,” என்றார். “ரெக்கார்டைப் போட்டுட்டு வாயசைக்கிற கதையெல்லாம் கிடையாது. ஒரு மைக். அக்கா. பின்னால திரையில நம்ம ஊசி. ஹால் முழுக்கக் குழந்தைங்க. எப்படி?”

எப்படி என்று யாரும் சொல்வதற்குள் அவரே கைதட்டிக்கொண்டார். ரெக்கார்டிங் அறையின் சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டியிருந்தது. கைதட்டல் எழுந்த இடத்திலேயே செத்து விழுந்தது.

மிக்ஸர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கத்திரி ஹெட்போனைக் கழற்றினாள். அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். மாட்டேன் என்று சொல், சொல்லிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

அக்கா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “பாடறேன் சார்,” என்றாள்.

கத்திரி என்பது அவளுடைய சொந்தப் பெயரில்லை. ஒலியை வெட்டி ஒட்டுகிறவள் என்பதால் ஸ்டூடியோவில் வைத்த பெயர். வாயே திறக்கமாட்டாள், வெட்ட மட்டும்தான் தெரியும் என்பது அதற்குள் இருந்த கிண்டல். அக்கா அவளுக்குக் கூடப்பிறந்த அக்கா. மற்றவர்களுக்கும் அவள் அக்காதான், அவளைவிட மூத்தவரான முதலாளி உட்பட.

ஊசி ஒரு கொசு. ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிற கொசு. டிவியில் தினமும் சாயங்காலம் வரும். அவனுடைய குடும்பமே அவனால் வெளியே தலைகாட்ட முடியாமல் தவிக்கும். “உங்க பையன் பால் குடிக்கிறானாமே?” என்று அடுத்த சாக்கடைக் கொசுக்கள் வந்து துக்கம் விசாரிக்கும். அந்த ஊசிக்குத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து குரல் கொடுப்பவள் அக்கா. நூல்போல மெல்லிய, உச்சியில் நின்று நடுங்குகிற குரல். அழுகிறதா சிரிக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாத குரல். அக்கா ரோட்டில் போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அந்தக் குரலில் ஒரு வார்த்தை பேசினால் பஸ்ஸே திரும்பும்.

இப்போது ஊசி பாடிய பாட்டுகள் ஆல்பமாக வருகின்றன; நாளைய விழா அதற்குத்தான். ஆல்பத்தின் பெயர் ‘கடிக்காதவன் கச்சேரி’. கொசுவலையைப் பார்த்து ஒரு புலம்பல். டியூப் லைட்டின் மேல் ஒரு காதல் பாட்டு. தூங்குகிற மனிதன் அடித்துவிடக் கூடாதே என்று அவனுக்கே பாடுகிற தாலாட்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய வெற்றி ‘மயக்கம்’ என்ற பாட்டு. அதன் நடுவில் ஊசி ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்துவிடுவான். பாட்டு சட்டென்று நின்றுவிடும். ஒரு சத்தமும் இருக்காது. பிறகு மெல்ல எழுந்து, “ஐயோ, நான் எங்க இருக்கேன்? இது யாரோட முழங்கால்?” என்பான். ஆல்பம் வெளியாகும் முன்பே டிவியில் அந்தத் துண்டை விட்டிருந்தார்கள். பள்ளிக்கூட வேன்களில் பிள்ளைகள் மொத்தமாக மயங்கி விழுந்து விளையாடினார்கள்.

அந்தப் பாட்டை அக்கா பாடவில்லை. ஆல்பத்தில் எந்தப் பாட்டையும் அக்கா பாடவில்லை. இது உலகத்தில் கத்திரி ஒருத்திக்குத்தான் தெரியும். அக்காவுக்கே தெரியாது.

தொடரின் புது எபிசோடுகளுக்கு இடைவேளை விட்டு, பழையவற்றை ஓட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. எடுத்தார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள், வீட்டுக்கு வந்து பாயசம் இல்லாத குறைக்குச் சர்க்கரையை அள்ளித் தின்றார்கள். பேச்சுக் குரல் கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிட்டது. ஊசி மட்டும் வரவில்லை. அக்கா மேலே போகப் பார்ப்பாள். குரல் பாதி ஏணியில் நின்றுகொண்டு கீழே பார்க்கும்.

மறுபரிசோதனைக்குப் போன அன்று அக்கா உள்ளே ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கத்திரியை நடைக்கு வரச் சொன்னார். கழுத்தில் இழைபோல ஒரு நரம்பு உண்டு, குரல் நாணை இழுத்துப் பிடிப்பது அதன் வேலை, அது கட்டியோடு ஒட்டியிருந்தது, அறுந்துவிட்டது என்றார். பேச்சுக்கு ஒன்றும் ஆகாது. உச்சக் குரல் மட்டும் இனி இல்லை.

“அவங்க பாடறவங்களா?” என்று கேட்டார்.

“இல்ல டாக்டர். கொசு.”

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு, “அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?” என்றார்.

“நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்.”

அக்கா கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே வெளியே வந்தாள். “என்னடி சொன்னாரு?”

“ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு.”

அந்தப் பக்குவம் இன்னும் வந்தபாடில்லை.

அடுத்த வாரமே ஆல்பம் வேலை ஆரம்பித்தது. தொடரில் தேனீயாகப் பேசிய பெண்ணுக்குத் தொண்டை கட்டியபோது முதலாளி அதே வாரம் வேறு தேனீயைக் கொண்டுவந்து உட்காரவைத்ததைக் கத்திரி பார்த்திருக்கிறாள். பழைய தேனீ சாமான்களை எடுக்க வந்தபோது புதுத் தேனீ அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. அதனால் அக்கா வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கனத்த குரலில் முக்கி முக்கிப் பாடியபோது, கத்திரி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். “சூப்பர்க்கா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

மெஷினில் போட்டுக் குரலை உயர்த்திப் பார்த்தாள். பொம்மைக் கடையில் அமுக்கினால் கீச்சிடுகிற ரப்பர் வாத்து வந்தது, ஊசி வரவில்லை. அப்புறம்தான் பழைய எபிசோடுகளைத் திறந்தாள். இத்தனை வருஷமாக ஊசி பேசிய பேச்சு, அழுத அழுகை, விட்ட கொட்டாவி எல்லாம் அவளிடம் இருந்தன. வார்த்தை வார்த்தையாக வெட்டினாள். மெட்டுக்கு ஏற்ப இழுத்தாள், நறுக்கினாள், ஒட்டினாள். ஊசி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ‘வானம்’ என்று சொன்னதில்லை. சாக்கடையில் வாழ்கிறவனுக்கு அது எதற்கு? ‘வாங்க’விலிருந்து முன்பாதியும் ‘தினம்’ என்பதிலிருந்து பின்பாதியும் எடுத்து ஒரு வானத்தைச் செய்தாள். பாட்டின் இடையிடையே அக்காவின் பழைய மூச்சுகளைத் தேடிப் பொருத்தினாள்.

முதல் பாட்டைப் போட்டுக் காட்டியபோது அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இது நானாடி?”

“நீதான்க்கா.”

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. “கொஞ்சமா மேல தூக்கிவிட்டேன், அவ்வளவுதான்” என்று அடுத்துச் சொன்னதுதான் பொய்.

அக்கா அன்று ஸ்டூடியோ படிகளில் ஊசியின் நடையில் இறங்கினாள். அதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது? ஒரு பாட்டு முடியட்டும் என்றாள் தனக்குத்தானே. பிறகு இன்னொன்று முடியட்டும் என்றாள். ஆல்பமே முடிந்துவிட்டது.

“சார்,” என்றாள் கத்திரி இப்போது. அவள் குரலைக் கேட்டு முதலாளியே திடுக்கிட்டார். “நேராப் பாடறது ரிஸ்க் சார். ட்ராக் போட்டுடலாம். சவுண்டு நல்லா இருக்கும்.”

“கத்திரி பேசுது! இன்னிக்கு மழைதான்.” முதலாளி சிரித்தார். “போன மாசம் அந்தப் பூனை நிகழ்ச்சியில ரெக்கார்டு சிக்கிக்கிச்சு, ஞாபகம் இருக்கா? பூனை வாயை மூடின பிறகும் மியாவ் மியாவ்னு ஓடிச்சு. குழந்தைங்க மானத்தை வாங்கிட்டாங்க. நமக்கு எதுக்கு அது? நம்மகிட்ட அசல் இருக்கு.”

அக்கா கத்திரியைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, அடியில் சுருக்கென்று தைத்ததும் தெரிந்தது.

“ஏன்டி? என் குரல் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?”

கத்திரி மேசையில் இருந்த ஒரு பட்டனைத் தேவையில்லாமல் அமுக்கினாள்.

*

இசையமைப்பாளருக்கு ஸ்டூடியோவில் ஜலதோஷம் என்று பெயர். வருஷம் முழுக்க மூக்கை உறிஞ்சுவார். மெட்டு நன்றாக வந்தால் இரண்டு தடவை உறிஞ்சுவார். கத்திரி அவரை மாடிப்படியில் மடக்கினாள்.

“அண்ணே, நாளைக்கு ‘மயக்கம்’ பாட்டை மட்டும் சுருதி இறக்கிக் குடுங்களேன்.”

“எவ்வளவு?”

அவள் சொன்னாள்.

ஜலதோஷம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அது கொசு இல்லம்மா. அது எருமை. எருமை ரத்தத்தைப் பாத்து மயங்கினா யாரு சிரிப்பாங்க? பக்கத்துல நிக்கிறவன் நசுங்கிப் போவான்.”

“விளையாடாதீங்கண்ணே.”

“நீதான் விளையாடறே. உங்க அக்கா அந்த உச்சியில நிக்கிறாங்க பாரு, அந்தக் கடைசி வரி, நான் இத்தனை வருஷத்துல கேட்டதில்ல. அவங்களே முன்னாடி அந்த இடத்துல கொஞ்சம் ஆடுவாங்க. இப்ப கம்பி மாதிரி நிக்குது. ஆபரேஷன் பண்ணா குரல் இவ்வளவு நல்லா ஆகும்னா நானும் ஒண்ணு பண்ணிக்கறேன்.” இரண்டு தடவை உறிஞ்சினார்.

அந்தக் கடைசி வரி நான்கு எபிசோடுகளிலிருந்து எடுத்தது. ஆடாமல் நிற்பதற்காகக் கத்திரி அதை ஒரு நாள் முழுக்கத் தேய்த்தாள். தன்னுடைய சாமர்த்தியமே தன் கழுத்தைப் பிடித்ததை அவள் படிக்கட்டில் நின்றபடி பார்த்தாள்.

இவரிடம் சொல்லிவிட்டால் என்ன? நாக்கு நுனிவரை வந்தது. அக்காவுக்குத் தெரியாததை ஜலதோஷத்துக்குச் சொல்வதா? அவர் இன்று மாலைக்குள் முதலாளிக்குச் சொல்வார். முதலாளி காலையில் அக்காவுக்கே போன் போட்டு விசாரிப்பார். அக்கா அதைப் போனில் கேட்க வேண்டும்.

“ஒண்ணுமில்லண்ணே,” என்றாள்.

“உனக்குக் காய்ச்சலா? முகம் வெளுத்துப்போயிருக்கு.”

“ஒண்ணுமில்ல.”

*

வீட்டில் அக்கா குளியலறையில் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்திரி கதவுக்கு வெளியே துணி மடிக்கிற சாக்கில் நின்றாள். குரல் ஏறியது, பாதியில் தட்டியது, காற்றாகப் போனது. மறுபடி ஏறியது. மறுபடி காற்று. மடித்த துண்டையே அவள் மறுபடி மடித்தாள்.

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். முகத்தில் கவலை இல்லை. அதுதான் கத்திரிக்குப் பயமாக இருந்தது.

“வரலடி,” என்றாள் அக்கா, ஏதோ பக்கத்து வீட்டுப் பூனை வரவில்லை என்பதுபோல.

கத்திரி ஓரடி முன்னால் வந்தாள். சொல்வதற்கு இதுதான் வாசல். “அக்கா, வரலைன்னா நாளைக்கு...”

“வீட்டுல வராது. நான் கவனிச்சுட்டேன். ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்டுல ஒரு தடவைகூட வந்ததில்ல. ஆனா மைக் முன்னாடி போய் நின்னா ஒவ்வொரு தடவையும் வந்திருக்கு. ஒரு தடவைகூடத் தப்பல. பாடும்போது எனக்கே வந்த மாதிரி இருக்காது. நீ போட்டுக் காட்டும்போதுதான் தெரியும். உடம்பு பழகியிருக்குடி. மைக்கைப் பாத்தா அதுவே எழுந்துக்குது.”

அக்கா கவனித்தது சரி. எண்ணியது சரி. அதிலிருந்து முடிவுக்கு வந்த விதமும் சரி. அவள் கையில் கொடுத்த சான்று மட்டும்தான் போலி, அதைச் செய்து கொடுத்தவள் எதிரில் துண்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

“உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா?” அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். “ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் ரொம்பப் பயந்தேன். உன்கிட்ட காட்டிக்கல. கட்டிக்குப் பயப்படல. ஊசி போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு நினைச்சேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாதே. நான் ஊசியாப் பேசும்போதுதான் நல்லாப் பேசறேன். மத்த நேரத்துல எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியாது.”

“இப்ப நல்லாத்தானே பேசறே.”

“உன்கிட்ட.” அக்கா அவள் கையிலிருந்த துண்டைப் பிடுங்கினாள். “இதை எத்தனை தடவைடி மடிப்பே? துணி அழுதுடும்.”

*

ஹால் பெரியது. சிவப்பு நாற்காலிகள் வரிசை வரிசையாக மடிந்து நின்றன. பின்கோடியில் சவுண்டு மேசை. கத்திரி மத்தியானமே வந்து அந்த நாற்காலியைப் பிடித்துவிட்டாள். ஹாலின் சவுண்டுக்காரர் முதலில் விடவில்லை.

“இது என் மேசைம்மா. என் பெண்டாட்டியைக்கூட இதைத் தொட விட்டதில்ல.”

“உங்க பெண்டாட்டி சவுண்டு எஞ்சினியரா?”

“இல்ல.”

“நான் சவுண்டு எஞ்சினியர்.”

தனக்கா இவ்வளவு வாய் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆள் முணுமுணுத்துக்கொண்டே டீ குடிக்கப் போனார்.

அவள் திட்டம் இதுதான். அக்கா மேடையில் நிற்பாள். கையில் மைக் இருக்கும். அக்கா வாயைத் திறக்கிற நொடியில் கத்திரி மைக்கை அடக்கிவிட்டு, தான் செய்த குரலை விடுவாள். ஸ்பீக்கர் சத்தத்தில் அக்காவுக்குத் தன் குரல் காதில் விழாது. ஊசியின் குரல்தான் கேட்கும். மைக் முன்னால் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். பிறகு? பிறகு அடுத்த விழா வரும். அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

ஒத்திகைக்கு அக்கா மேடை ஏறினாள். முதலாளி வாசலில் வரவேற்பு வளையத்துக்குப் பலூன் கட்டிக்கொண்டிருந்தார். ஜலதோஷம் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். துப்புரவு செய்கிற இரண்டு பெண்கள் நாற்காலிகளுக்கு நடுவே பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

“போடு,” என்றாள் அக்கா.

இசை கிளம்பியது. அக்கா வாயைத் திறந்தாள். கத்திரியின் விரல் நகர்ந்தது. ஹால் முழுக்க ஊசி பாடினான். பெருக்கிக்கொண்டிருந்த பெண்கள் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். “அடியே, ஊசிடி!” என்றாள் ஒருத்தி. அக்காவின் முகம் விளக்கு போட்டதுபோல ஆனது. கைகளை இறக்கையாக்கினாள். மேடையை வளைய வந்தாள். கத்திரி அவள் உதட்டையே பார்த்தாள். வரிக்கு வரி பொருந்தியது. தப்பித்துவிடலாம் போலிருந்தது.

மயங்குகிற இடம் வந்தது. அக்கா ரத்தத்தைப் பார்த்தாள். கண்ணைச் சுழற்றினாள். மேடையில் தொப்பென்று விழுந்தாள்.

பெருக்குகிறவர்கள் சிரித்தார்கள்.

ஸ்டூடியோவில் அந்த மௌனத்தைக் கத்திரிதான் வெட்டி வைத்தாள், அளந்து. ஆனால் மேடையில் விழுந்தவள் நடிகை. அவளுக்கு எதிரில் இரண்டு பேர் சிரிக்கிறார்கள். சிரிப்பு அடங்குகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்று அவள் உடம்புக்குத் தெரியும். அவள் எழவில்லை. ஒரு காலை மட்டும் மேலே தூக்கி உதறினாள். அந்தப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

கத்திரியின் கை மேசைமேல் பறந்தது. அதற்குள் நேரமாகிவிட்டது.

“ஐயோ,” என்றான் ஊசி ஹால் முழுக்க. “நான் எங்க இருக்கேன்? இது யாரோட முழங்கால்?”

அக்கா கீழே கிடந்தாள். வாய் மூடியிருந்தது. மைக் அவள் கையைவிட்டு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. ஊசி மேற்கொண்டு பாட ஆரம்பித்தான். வானத்தைப் பார்க்கிறேன் என்று பாடினான்.

“அட, வாயே அசையலையே!” என்று ஒரு பெண் கைதட்டினாள். “எப்படிம்மா இது?”

கத்திரி எல்லாவற்றையும் இழுத்து மூடினாள். ஜலதோஷம் நாற்காலியிலிருந்து மெல்லத் திரும்பி சவுண்டு மேசையைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சவில்லை.

அக்கா எழுந்தாள். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். மைக்கை எடுத்து அதன் தாங்கியில் ஒழுங்காகப் பொருத்தினாள். படியிறங்கி, வரிசைகளுக்கு நடுவே நடந்து, பின்கோடிக்கு வந்தாள்.

“பாதுகாப்புக்குத்தான்க்கா,” என்றாள் கத்திரி, அவள் கேட்பதற்கு முன்பே. “ஸ்டூடியோவில நீ பாடினதைத்தான் போட்டேன். மேடையில பதட்டமாச்சுன்னா...”

“அந்த ‘முழங்கால்’ ஆல்பத்துக்குப் பாடினது இல்ல.”

“நீ பாடினதுதான்க்கா.”

“குட்டி.” அக்கா மேசைமேல் கையை ஊன்றினாள். “சின்ன ஸ்பீக்கர்ல தெரியல. இங்க நல்லாத் தெரியுது. அதுல எனக்கு மூக்கு அடைச்சிருக்கு. அது அந்த மழை எபிசோடு. அன்னிக்கு எனக்குப் பயங்கர சளி, ஞாபகம் இருக்கா? சார் லீவு குடுக்கமாட்டேன்னுட்டாரு. ஊசி ஒரு கிழவனோட முழங்கால்ல மோதுவான். நான் அதைச் சொன்ன நாள் எனக்குத் தெரியும்.”

கத்திரி திரையில் திறந்திருந்த பாட்டை மூடினாள்.

“எல்லாமா?” என்று அக்கா கேட்டாள். “மொத்த ஆல்பமுமா?”

கத்திரி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

“அப்ப நான் வந்து பாடினது?”

“தனியா எடுத்து வெச்சிருக்கேன்.”

“போடு.”

“வேண்டாம்க்கா.”

“ஹெட்போன்ல போடு. எனக்கு மட்டும்.”

அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கத்திரி அதே பாட்டைத் தேடிப் போட்டாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அக்காவின் முகம் மட்டும் தெரிந்தது. முகம் முதலில் பாட்டோடு கூடவே போனது. புருவம் மேலே ஏறியது, ஒரு இடத்தில் நின்றது, இறங்கவில்லை. அக்கா பாட்டு முடியும்வரை கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி, கம்பியைச் சுற்றி, மேசைமேல் வைத்தாள்.

திட்டுவாள் என்று கத்திரி எதிர்பார்த்தாள். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள்.

“இது எப்ப பாடினது?” என்றாள் அக்கா.

“ஆரம்பத்துல.”

“அதான். அப்ப புண்ணே ஆறல.” அக்காவின் பேச்சு வேகமானது. “நீ பண்ணது தப்புதான்டி, அதைப் பத்தி வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், உனக்கு இருக்கு. ஆனா எனக்குப் புரியுது. அப்ப வரல, நீ சமாளிச்சே. அது அப்ப. இத்தனை நாள் ரெஸ்ட் எடுத்திருக்கேன்ல? ஐஸ் தண்ணி தொடல. கத்தல. டாக்டர் என்ன சொன்னாரோ அதை ஒண்ணு விடாமப் பண்ணியிருக்கேன். இப்ப ஆறியிருக்கும்.”

“நேத்து வரலையேக்கா.”

“வீட்டுல.” சொல்லிவிட்டு அக்காவே நிறுத்தினாள். அந்தச் சொல்லில் இனிமேல் ஒன்றுமில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. இருந்தாலும் விடவில்லை. “இன்னிக்கு மைக்கை மட்டும் திறந்து விடு. ட்ராக் வேண்டாம். கூட்டம் இருந்தா எனக்கு வரும். நடுங்கினாலும் பரவாயில்ல, ஊசி நடுங்கறவன்தானே.”

வாசல்பக்கம் சத்தம் கேட்டது. கண்ணாடிக் கதவுகளுக்கு வெளியே பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்தார்கள். சிலர் முதுகில் அட்டை இறக்கைகள் கட்டியிருந்தார்கள். ஒருவன் மயங்கி விழுந்தான், மற்றவர்கள் அவன்மேல் விழுந்தார்கள்.

முதலாளி ஓடி வந்தார். சட்டை முழுக்க வியர்வை. காதில் ஒரு பலூன் துண்டு ஒட்டியிருந்தது.

“இதுக்கு மேல தாங்காது, கதவையே பேத்துடுவாங்க போலிருக்கு. திறக்கச் சொல்லவா? அக்கா, ரெடியா?”

அக்கா நிமிர்ந்தாள். “திறங்க சார். பாடறேன்.”

“அதான் நம்ம அக்கா!” முதலாளி திரும்பி வாசலை நோக்கிக் கையை ஆட்டினார்.

கதவுகள் திறந்தன. சத்தம் வெள்ளம்போல உள்ளே வந்தது. அக்கா மேடைப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். கழுத்தில் தழும்பு தெரியாமல் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒருதடவை செருமினாள். பிள்ளைகள் அவளைத் தாண்டி ஓடினார்கள், அவள் யாரென்று தெரியாமல், அவள் காலை மிதித்துக்கொண்டு.

கத்திரி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். சவுண்டுக்காரர் பின்னால் ஏதோ கத்தினார். இடித்துக்கொண்டு, யாருடைய இறக்கையையோ கிழித்துக்கொண்டு ஓடி, மேடைப் படியில் அக்காவின் கையைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள்.

“விடுடி. எல்லாரும் பாக்கறாங்க.”

“அக்கா, போகாதே.”

“சொல்லிட்டேன்ல, வரும்னு.”

“அக்கா...”

“டாக்டரே சொல்லியிருக்காரு, ரெஸ்ட் எடுத்தா...”

“அவர் அப்படிச் சொல்லல.”

அக்கா ஒரு காலை மேல்படியில் வைத்தபடி நின்றாள். ஹாலில் யாரோ ஊசி, ஊசி என்று ஆரம்பித்தார்கள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்பதற்காகக் கத்திரி தன் வாழ்நாளில் பேசாத அளவுக்குச் சத்தமாகப் பேசினாள்.

“ரெஸ்ட்டுன்னு நான்தான்க்கா சொன்னேன். அவர் வேற சொன்னாரு. அன்னிக்கே சொன்னாரு, நீ உள்ள ரத்தம் குடுத்துக்கிட்டு இருந்தப்ப. அந்த நரம்பு அறுந்துபோச்சுக்கா. ஊசி இனிமே வரமாட்டான்.”